கேள்வி கேட்காத படித்துறை

வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள். "என்ன மதினி, என்னை யாருன்னு தெரியுதா?"

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மா சிரிப்பாள். வந்தவர் விடமாட்டார். "சொல்லுங்க பாப்போம், நான் யாரு?" அம்மாவின் விரல்கள் சேலை முந்தியைச் சுருட்டத் தொடங்கும். பக்கத்தில் நிற்கும் மகளைப் பார்ப்பாள். மகள் பெயரை எடுத்துக் கொடுப்பாள், அம்மா அதைத் திருப்பிச் சொல்வாள், வந்தவர் முகம் தெளியும். "பாத்தியளா, எல்லாம் ஞாபகம் இருக்கு. சும்மா பயந்துகிட்டு இருக்கிய." காப்பியைக் குடித்துவிட்டு அவர் கிளம்பிவிடுவார். அன்று இருட்டும் வரை அம்மா முந்தியைச் சுருட்டிக்கொண்டே இருப்பாள்.

பிரியத்தில் கேட்பதுதான். நேற்று வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் இன்று யாரோபோலப் பார்த்தால் எவருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் கேட்கப்படுகிறவருக்கு அது விடிந்ததிலிருந்து அடைவது வரை நடக்கிற பரீட்சை. தேறவே முடியாத பரீட்சை.

நெல்லைச் சீமையின் முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றாத வீடு குறைவு. அம்மா சிறுமியாக இருந்தபோதே சுளகை மடியில் வைத்தவள். கடையிலிருந்து இலையும் தூளும் நூலும் வாங்கி வருவது, ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பது, விடிந்ததும் தகட்டை வைத்து அளவாகக் கத்தரிப்பது, நரம்பைச் சீவுவது, தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டுவது, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போடுவது. ஐம்பது வருஷத்துக்கு மேல் இதுதான் அவளுடைய பகல். கட்டுக்குள் எத்தனை இருக்கிறது என்று அவள் எண்ணிப் பார்த்ததே கிடையாது. உள்ளங்கையில் வாங்கினாலே தெரிந்துவிடும். அந்தக் கை தவறத் தொடங்கியதுதான் முதல் அறிகுறி. ஒரு கட்டில் இருபத்திரண்டு இருந்தது, இன்னொன்றில் இருபத்தெட்டு. கடையில் பிரித்து எண்ணியவர் கண்ணாடியை மாற்றச் சொன்னார். கண்ணாடி மாற்றினார்கள். பிறகு ஒரு நாள், பிறந்து வளர்ந்து வாக்கப்பட்ட தெருவிலேயே, வீட்டுக்கு வழி எது என்று அம்மா கடைக்காரரிடம் கேட்டாள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த மகள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். அண்ணன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினான். பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. இந்த மாதிரி வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் முடிவாகிறது. 2023-ல் வெளியான லாசி-டாட் ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம் என்கிறது அதே ஆய்வு. அந்த 88 லட்சம் பேருக்கும் பக்கத்தில் குறைந்தது ஒருவராவது தன் வேலையை, தூக்கத்தை, ஊரை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கணக்கையும் யாராவது எடுக்கவேண்டும்.

திருநெல்வேலியில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் பொறுமையாகச் சோதித்தார். இன்று என்ன கிழமை, இது எத்தனாவது மாடி, நூறிலிருந்து ஏழைக் கழித்தால் எவ்வளவு, மூன்று சொற்களைச் சொல்கிறேன், நான் கேட்கும்போது திருப்பிச் சொல்லுங்கள். 1975-ல் அமெரிக்காவில் உருவான 30 மதிப்பெண் சோதனையின் வாரிசு இது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது பொருந்தாது என்பதால் 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இந்தியில் ஒரு மாற்று வடிவமும் உருவாக்கப்பட்டது. மருத்துவர் இந்த நியாயம் தெரிந்தவர். தேதி கேட்காமல், தமிழ் மாதம் கேட்டார். மாசி மாதம் அது. "கார்த்திகை" என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மழ பெஞ்சிச்சுல்லா" என்று காரணமும் சொன்னாள்.

அல்சைமர் என்ற இந்த மறதிநோயின் வரலாறே ஒரு கேள்வி பதிலில்தான் தொடங்குகிறது. 1901 நவம்பரில், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில், அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் 51 வயதுப் பெண் ஒருவரைச் சோதித்துக் குறிப்பெடுத்தார். பெயர் கேட்டார், அவுகுஸ்டே என்றார் அந்தப் பெண். கணவர் பெயர் கேட்டார். அதற்கும் அவுகுஸ்டே என்றுதான் பதில் வந்தது. மதியம் காலிஃபிளவரும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்; கீரை என்றார். 1906-ல் அந்தப் பெண் இறந்தபிறகு மூளையைத் திறந்து பார்த்து, அங்கே கண்ட படிவுகளையும் முறுக்கிய இழைகளையும் அதே ஆண்டு நவம்பரில் ட்யூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அல்சைமர் விவரித்தார். காணாமல் போயிருந்த அந்த நோயாளிக் கோப்பு 1995-ல்தான் மறுபடி கிடைத்தது. மகள் அதைப் பற்றி எங்கோ படித்தாள். படித்ததிலிருந்து அவளுக்கு அல்சைமரைவிட அந்த அம்மாளின் நினைவுதான் அடிக்கடி வந்தது. தட்டில் இருப்பது என்னவென்று ஏன் கேட்கிறார்கள் என்று அந்த அம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும்?

மருத்துவர் டோனெப்பெசில் எழுதிக் கொடுத்தார். இது நோயை நிறுத்தாது, கொஞ்ச காலத்துக்கு அறிகுறிகளைத் தணிக்கலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். காலை வெயிலில் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வையுங்கள். இரவு பகலைப் பிரித்துக் காட்டும் மூளையின் கடிகாரமும் இந்த நோயில் சிதைகிறது. கண்ணில் விழும் பகல் வெளிச்சம்தான் அதைத் திருத்தி வைப்பது. ராத்திரித் தூக்கத்துக்கு அது உதவலாம்.

வாசலில் உட்கார வைத்தால் தெருவே வந்து பரீட்சை வைத்தது. ஆகவே ஆற்றங்கரை.

தாமிரபரணி அந்தப் பக்கத்து ஊர்களுக்கு எட்டாத தூரத்தில் இல்லை. மகள் தேர்ந்துகொண்டது திருப்புடைமருதூர். கடனா நதி தாமிரபரணியோடு வந்து சேரும் இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ளே மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவள் போனது மரங்களுக்காக. கோயிலை ஒட்டி ஆற்றோரம் நிற்கும் உயரமான மரங்களில் தை பிறந்ததும் பறவைகள் கூடு கட்ட வந்துவிடும். ஊர்க்காரர்கள் அவற்றைத் தங்கள் ஊர்ப் பிள்ளைகளாகவே வைத்திருக்கிறார்கள். 2002-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, மக்களும் சேர்ந்து காக்கும் காப்பகம் என்று ஒரு புது வகையைச் சேர்த்தார்கள். 2005-ல் இந்த ஊரில் 2.84 ஹெக்டேர் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இந்த வகையில் இதுதான் முதலாவது. ஏழு ஏக்கரைச் சற்றே தாண்டும் இடம். ஒரு ஊர் மனது வைத்தால் ஏழு ஏக்கர் போதும் என்பதற்கு நெல்லைச் சீமை காட்டக்கூடிய சாட்சி அது.

முதல் நாள், ஆட்டோவை விட்டு இறங்கி நான்கு எட்டு வைத்ததும் அம்மா நின்றுவிட்டாள். இழுத்தாலும் வரவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணில் ஒரு மருதக் கிளையின் நிழல் குறுக்கே கிடந்தது. இந்த நோயில் கண் நன்றாக இருந்தாலும், பார்த்ததை மூளை சேர்த்துப் புரிந்துகொள்வதில் பிசகு வந்துவிடும். ஆழம் தெரியாது, கருத்த இடமெல்லாம் பள்ளமாகத் தோன்றும். கறுப்பு மிதியடியைத் தாண்டப் பயந்து வாசலிலேயே நிற்கும் நோயாளிகள் உண்டு. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாய்க்கா இருக்கும்மா, தாண்டிருவோம்" என்றாள். இருவரும் சேலையைத் தூக்கிக்கொண்டு நிழலைத் தாண்டினார்கள். அடுத்த நிழலையும் தாண்டினார்கள். பூசைத் தட்டோடு போன ஒரு அம்மாள் இவர்களைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், தானும் ஒதுங்கி வழிவிட்டாள்.

படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்தபின் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மரம் நிறைய நாரைகள். சங்குவளை நாரை என்பார்கள்; மஞ்சள் அலகு, முடியில்லாத ஆரஞ்சு முகம், நெஞ்சில் கறுப்புப் பட்டை, வால் பக்கம் தாழம்பூவும் ரோஜாவும் கலந்த ஒரு சிவப்பு. போவதும் வருவதுமாக ஒரே சந்தடி. ஒன்று சுள்ளியைத் தூக்கிக்கொண்டு வரும், கூட்டிலிருப்பது எழுந்து நின்று அலகைப் படபடவென்று தட்டும். வளர்ந்த நாரைக்குக் குரல் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அலகைத் தட்டுவதுதான் வரவேற்பு, சண்டை, கொஞ்சல் எல்லாம்.

அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள். "யாரு வீட்டு விசேஷம், இவ்ளோ கூட்டம்?"

"நம்ம வீட்டு விசேஷந்தாம்மா."

"எல்லாரும் சாப்பிட்டாவளா?"

ஒரு நாரை அப்போதுதான் தொண்டையிலிருந்து மீனைக் கக்கிக் குஞ்சுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தது. "சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ" என்றாள் மகள். அம்மாவுக்குத் திருப்தி. பந்தி நடக்கிற வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் தோரணையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தியைச் சுருட்டவில்லை.

அதன்பிறகு அது வழக்கமாயிற்று. தோட்டமும் பறவையும் மறதிநோய்க்காரர்களுக்கு நல்லது என்று பொதுவாக எல்லாரும் சொல்வார்கள். எது நல்லது, எது எட்டாது என்பதை உட்கார்ந்து பார்த்துத்தான் கண்டுகொள்ள முடியும். வாசனையை எடுத்துக்கொள்ளுங்கள். பிச்சிப்பூ என்றால் அம்மாவுக்கு உயிர். மகள் ஒரு பந்தை வாங்கி மூக்கருகே நீட்டினாள். அம்மா அதைக் கையில் வாங்கி, வேலையாகக் கொடுத்ததாக எண்ணி உதிர்க்கத் தொடங்கினாள். அல்சைமரில் மோப்பம் வெகு ஆரம்பத்திலேயே குறைந்துவிடும். சிலருக்கு மறதிக்கு முன்பே போய்விடும். சிறிய பச்சைப் பஞ்சுருட்டான் பச்சை இலைக்குள் உட்கார்ந்திருந்தால் அம்மாவின் கண்ணுக்கு அகப்படாது. நிறம் நிறத்தோடு ஒட்டிக் கிடந்தால் பிரித்துப் பார்க்கும் திறன் குறைந்திருந்தது. பெரியது, வெளுப்பானது, அசைவது: இவை மூன்றும் சேர்ந்தால் போதும், அவள் பிடித்துக்கொள்வாள். நாரை மூன்றிலும் சேர்த்தி. தண்ணீர் எப்போதும் பொய்க்காது. கணுக்கால் நனையும் படியில் நிறுத்தினால், நோய் எவ்வளவு முற்றிய நாளிலும், "குளுருதுட்டி" என்ற சொல் அவளிடமிருந்து வந்தது. உடம்பு அறிந்து சொன்ன சொல் அது, யாரும் கேட்டு வாங்கியதில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவிலேயே எல்லாம் மறந்திருக்கும். அண்ணன் வீடியோவில் அழைத்து, "காலைல எங்கம்மா போனிய?" என்று கேட்டால், "எங்கயும் போகலய்யா, இங்கனதான் இருக்கேன்" என்பாள். அவனுக்கு வருத்தம். ஞாபகமே இல்லாதவளை எதற்கு இவ்வளவு சிரமப்பட்டுக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டான். அவன் மட்டுமில்லை, தெருவில் பலரும் கேட்டார்கள்.

அதற்கு மகளிடம் ஒரு பதில் இருந்தது. கண்ணால் பார்த்த பதில். ஆற்றுக்குப் போன நாளில் அம்மா மத்தியானச் சோற்றைத் தட்டிவிடவில்லை, குளிக்க அழைத்தால் கையை ஓங்கவில்லை. ஏன் என்பது மகளுக்குப் பின்னால்தான் புரிந்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான படக்காட்சிகளையும் சந்தோஷமான படக்காட்சிகளையும் தனித்தனியே காட்டினார்கள். சற்று நேரத்தில் பார்த்த காட்சியைப் பற்றி அவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் நினைவில்லை. ஆனால் காட்சி கிளப்பிய துக்கமும் சந்தோஷமும் வடியாமல் இருந்தன. காரணம் மறந்துபோனபின்னும் மனநிலை தங்கியிருந்தது. நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை இந்த நோய் ஆரம்பத்திலேயே தாக்குகிறது. உணர்ச்சி அந்த ஒரே பாதையை நம்பி இருப்பதில்லை.

இதன் மறுபக்கத்தையும் மகள் யோசித்தாள், அதுதான் அவளைக் கோபப்படுத்தியது. நாரை மறந்துபோய் நிம்மதி மிஞ்சும் என்றால், "நான் யாரு சொல்லு" என்று கேட்டவர் மறந்துபோய் அவமானமும் மிஞ்சத்தானே செய்யும்? அப்படியானால் இந்த நோயில் பாதித் துன்பத்தை மூளை கொண்டு வருகிறது, மீதியை நாம் கொண்டுபோய் வைக்கிறோம். அன்றிலிருந்து வாசலிலேயே விருந்தாளிகளை நிறுத்திச் சொல்லிவிடுவாள். "வந்ததும் நீங்களே பேரச் சொல்லிருங்க சித்தப்பா. கேக்காதிய." சிலர் முகம் சுளித்தார்கள். சொன்னபடி செய்தவர்களிடம் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

அழகு அம்மாவுக்கு மட்டும் தேவைப்பட்டது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. ராத்திரியில் மூன்று தடவை எழுந்து துணி மாற்றிய பெண்ணுக்கு, காலையில் எதையாவது பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கும்போது எதற்காகவும் கவலைப்படாமல் இருக்க வேண்டியிருந்தது. மருதமரத்துப் பட்டை வெளிறி, செதில் செதிலாக உரிந்து, உள்ளே இளம் பச்சையும் சாம்பலும் வெளியே தெரியும். நூறு பேர் கை வைத்து வழுவழுத்த வேர்கள் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். வெயில் ஏறியதும் தாய் நாரை இறக்கையை விரித்துப் பிடித்து, குஞ்சுகள் மேல் நிழல் விழும்படி வெயிலுக்கு முதுகைக் கொடுத்து அசையாமல் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது மகளுக்குத் தொண்டை அடைத்தது. பாட்டி வெயிலில் இலை காயப்போடும்போது அம்மாவைச் சேலைக்குள் மூடிக்கொண்டு நிற்பாளாம். அதை அம்மாதான் முன்பு சொல்லியிருந்தாள். இப்போது அந்தக் கதை மகளிடம் மட்டும்தான் இருக்கிறது.

இலைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒரு நாள் கரையில் உட்கார்ந்திருக்கும்போது காற்றில் ஒரு பூவரசு இலை அம்மாவின் மடியில் விழுந்தது. அம்மா அதை எடுத்தாள். பெருவிரலால் முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை துடைத்தாள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். காம்பைக் கிள்ளி எறிந்தாள். நகத்தால் நடு நரம்பின் தடிப்பைச் சீவினாள். பிறகு இடது கையின் மூன்று விரல்களுக்கு மேல் இலையைச் சாய்த்து வைத்து, வலது கைப் பெருவிரலால் ஒரே தள்ளு. ஒரு நுனி அகலமாக, மறுநுனி ஒடுங்கி, பிசிறில்லாத ஒரு சுருள். தன் பெயரைச் சொல்லத் தடுமாறுகிறவளுடைய கை அது. பழகிய கைவேலை மூளையில் வேறு இடத்தில், உள்ளாழத்து நரம்பணுத் திரள்களிலும் சிறுமூளையிலும் வேர்பிடித்திருக்கிறது; நோய் அங்கே வந்து சேர நாளாகும்.

அம்மா சுருளை மகளிடம் நீட்டினாள். நூல் கட்டுவதற்காக நீட்டியிருக்கலாம். மகள் அதை வாயில் வைத்து ஊதினாள். பூவரசம்பீப்பி. ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஈரக் காலோடு மேலே ஏறி வந்து, "ஆச்சி, எனக்கொண்ணு, எனக்கொண்ணு" என்று கையை நீட்டினார்கள். ஒருவன் ஓடிப்போய் ஒரு கொத்து இலையே ஒடித்துக்கொண்டு வந்தான். அம்மா ஒவ்வொன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, சரியில்லாததைக் கழித்துச் சுருட்டிக் கொடுத்தாள். கடை நேரத்துக்குள் கணக்கு முடிக்கவேண்டிய அவசரம் கையில் இருந்தது. படித்துறை முழுக்கப் பீப்பிச் சத்தம். அவர்களில் ஒருவனாவது, தான் யார் என்று தெரிகிறதா என்று கேட்கவில்லை. அவர்களுக்கு ஆச்சி சுருட்டிக் கொடுத்தால் போதும்.

எல்லா நாளும் இப்படி இருந்ததில்லை. நாரைகளின் இரைச்சலைக் கேட்டுப் பயந்து அம்மா காதைப் பொத்திக்கொண்டு அழுத நாட்கள் உண்டு. தண்ணீரைப் பார்த்து, "எம் பிள்ள முங்கிட்டான்" என்று கத்திய நாளும் உண்டு. அப்படி ஒரு பிள்ளை அவளுக்கு இருந்ததில்லை. ஆறும் பறவையும் நோயைக் குறைக்கவில்லை. அது தன் வழியே போய்க்கொண்டுதான் இருந்தது.

சாயங்காலங்கள் மிகக் கடினம். வெளிச்சம் மங்கியதும் அம்மா எழுந்து, வீட்டுக்குப் போக வேண்டும் என்பாள். இதுதான் வீடு என்று சொன்னால் ஆத்திரம் வரும். மறதிநோய்க்காரர்கள் பலருக்கும் அந்த நேரத்தில் இப்படித் தவிப்பு கூடுவதை மருத்துவம் அறியும். கோடையில் சில சாயங்காலங்கள் மகள் அவளை ஆற்றங்கரைக்கே கூட்டிப்போனாள். பகலில் நாரைகளுக்கு இடையே பதுங்கித் தூங்கும் வக்காக்கள் அப்போதுதான் விழிக்கும். ஒவ்வொன்றாக மரத்தை விட்டுக் கிளம்பி, "வாக், வாக்" என்று குரல் கொடுத்துக்கொண்டு ஆற்றின் மேலாகப் போகும். நாரைகளும் கொக்குகளும் எதிர்த் திசையிலிருந்து வந்து அடையும். போகிறவையும் வருகிறவையும் ஒரே மரத்தில் இடம் மாற்றிக்கொள்ளும் நேரம் அது. அம்மா பைக்குள் மாற்றுச்சேலையை எடுத்து வைத்துக்கொண்டு, கிளம்பிய நிலையிலேயே படியில் உட்கார்ந்து, "எல்லாரும் போறாவ" என்பாள். "ஆமாம்மா, நாமளும் போவோம்" என்று மகள் எழுந்தால் உடனே கூட வருவாள். கிளம்ப வேண்டும் என்ற அவள் வேகத்துக்கு, வானத்தில் ஒத்துப் போகிற ஏதோ ஒன்று இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அணைகள் நிரம்பி, தாமிரபரணி கரையை விட்டு வெளியே வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று பயந்து, அம்மாவை உறவினர் ஒருவரின் மாடி வீட்டில் கொண்டு சேர்த்தார்கள். தெரியாத அறை, மின்சாரம் இல்லை, எங்கும் மழைச் சத்தம். அம்மா ராத்திரி முழுக்கச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். விடியும்போது மகள் அவளைப் படிக்கட்டு ஜன்னலருகே உட்கார வைத்தாள். வெளியே வயலும் தென்னையும் தெரியாமல் செந்நீர் போய்க்கொண்டிருந்தது. அம்மா நடையை நிறுத்தினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"இல நனைஞ்சிரும்ட்டி. எடுத்துப் பரண்ல வையி."

1992 நவம்பரிலும் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. அப்போது மகள் சின்னப் பெண். கடையிலிருந்து வாங்கி வந்திருந்த இலைக் கட்டு முழுவதையும் அம்மா பரணில் ஏற்றிவிட்டுத்தான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்; இலை போனால் அதற்கான பணத்தைக் கூலியில் பிடித்துவிடுவார்கள். சமீபத்தில் பதிந்தவை முதலில் அழியும், பழையவை கடைசி வரை நிற்கும் என்பது இந்த நோயின் போக்கு. மகளின் பெயர் போய்விட்டது, முப்பது வருஷத்துக்கு முந்தைய இலைக் கட்டு நனையாமல் இருந்தது. "வச்சாச்சும்மா, எல்லாம் மேல ஏத்தியாச்சு" என்றாள் மகள். அம்மா வெள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமில்லாத பார்வை. ஊரை விழுங்கிக்கொண்டு போன அந்தத் தண்ணீரும் அழகாகத்தான் இருந்தது. இப்படிச் சொன்னால் வீடு இழந்தவர்கள் மனம் நோகும் என்பதால் மகள் அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவால் நடக்க முடியவில்லை. பிறகு உட்காரவும் முடியவில்லை. கட்டிலைப் பின்கட்டில், முருங்கைமரம் தெரிகிற கதவோரம் போட்டார்கள். துணி காயப்போடும் கொடியின் நுனியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. சிலந்தி நூலும் பட்டைத் துணுக்கும் சருகும் வைத்துப் பின்னிய தொங்கல் கூடு. பெட்டைதான் கட்டும், முட்டையின்மேல் இரண்டு வாரம் உட்காரும். கொடியை யாரும் தொடக்கூடாது என்று மகள் உத்தரவு போட்டாள். ஈரத் துணிகளெல்லாம் அடுத்த வீட்டு மாடிக்குப் போயின. அம்மாவின் கண் அந்தச் சின்னக் குருவியைப் பிடித்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கதவைத் திறந்து வைத்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்புவாள், சாத்தினால் முனகுவாள். மகளுக்கு அதுவே போதுமான பதிலாக இருந்தது. கோடை முடியுமுன் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறது. விருப்பமுள்ள யாரும் சேரலாம். தை மாதக் கணக்கெடுப்பில் மகளும் நோட்டுப் புத்தகத்தோடு சேர்ந்துகொண்டாள். பனியன் கம்பெனியில் கணக்கெழுதிய கை. இப்போது நாரை இத்தனை, நீர்க்காகம் இத்தனை, வக்கா இத்தனை என்று எழுதியது.

ஒரு குளத்தங்கரையில் அவளிடம் பாப்பாக்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவருடைய அப்பாவுக்கும் இதே நோய். மாட்டு வியாபாரம் பார்த்தவர், இப்போது வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார், கதவைப் பூட்டித்தான் வைக்கவேண்டியிருக்கிறது என்றார். திருப்புடைமருதூருக்குக் கூட்டிக்கொண்டு போனால் சரிப்படுமா, அழைத்துப்போக என்னென்ன வேண்டும் என்று கேட்டார்.

அவள் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. மாற்று வேட்டி இரண்டு, துண்டு, ஒரு பை. முறுக்கோ கடலை மிட்டாயோ வேண்டாம், புரையேறும், வாழைப்பழம் நல்லது. கூட ஓர் ஆள் இருந்தால் படியில் இறங்கலாம், இல்லையென்றால் மேல்படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு. கோயில் பக்கம் மணியடிக்கும்போது சிலருக்குத் தூக்கிவாரிப்போடும், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். எதிர்க்கரையில் மாடு மேய வரும், அவருக்கு அது பிடிக்கலாம். நல்ல மாடு எது என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்குள் கிளம்பிவிட வேண்டும், அதற்குமேல் அந்தக் கல்படியில் கால் வைக்க முடியாது.